பணம் கொடுப்பவருக்கும் பரிசோதனைச்சாலைக்கும் நடுவே

நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்றைக்கு நாலு வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. செய்துகொண்டிருக்கிறது. பொங்கல் விழாவில் சந்திக்கும்போது பெற்றோர்கள் ஒருவரையொருவர் கேட்பது மூன்றே கேள்வி. என்ன சப்ஜெக்ட், கைடு யார், எப்போ முடியும்? முதல் இரண்டுக்கும் பிள்ளையே பதில் சொல்லிவிடும். மூன்றாவது கேள்விக்கான பதில் பாதி கைடு கையில் இருக்கிறது, மீதிப் பாதி இன்னொருவர் கையில் இருக்கிறது. அந்த இன்னொருவரைப் பற்றி விசாரித்த பெற்றோரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சில இடங்களில் அவருக்கு ஆராய்ச்சி டீன் என்று பெயர். சில இடங்களில் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவின் இயக்குநர் என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் இப்படி ஒரு பிரிவை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன பிறகு இந்தப் பெயர்ப் பலகை நிறைய இடங்களில் ஏறிவிட்டது. அவருக்குக் கீழே ஒரு துணைப் பதிவாளர், இரண்டு மூன்று அலுவலர்கள், கணக்கர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. வெளியிலிருந்து ஆராய்ச்சிக்கென்று வரும் பணத்தை வாங்கி வைக்க வேண்டும், அது வந்த காரியத்துக்கே செலவாகிறதா என்று பார்க்க வேண்டும், கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், இத்தனைக்கும் நடுவில் ஆராய்ச்சி நின்றுபோகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவினர் சற்றுத் தயங்கினார்கள். "நீங்க வழக்கமா சமண நூல் பத்தித்தானே எழுதுவீங்க?" என்றார்கள். சமணமும் இதில் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடியேன் படித்தது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். ஆனால் கல்கத்தாவுக்கு வந்து நாற்பது வருஷமாகப் பண்ணுவது பரிசோதனைச்சாலைக் கண்ணாடிச் சாமான் வியாபாரம். பீக்கர், பிளாஸ்க், பியூரெட், கண்டென்சர். இந்த நாற்பது வருஷத்தில் வகுப்பறைக்குள் நான் கால் வைத்தது கிடையாது. ஆனால் ஆராய்ச்சி அலுவலகங்களின் படிக்கட்டில் நான் ஏறிய அளவுக்குப் பேராசிரியர்களே ஏறியிருக்க மாட்டார்கள்.

முதலில் பணம் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேராசிரியர் மூன்று வருஷத்துக்கு ஒரு ஆராய்ச்சித் திட்டம் எழுதி டெல்லிக்கு அனுப்புகிறார். அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, சி.எஸ்.ஐ.ஆர். என்று கொடுப்பவர்கள் பலர். செர்ப் என்று நம் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்த வாரியம் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் போய்விட்டது. திட்டம் தேறினால் சாங்ஷன் ஆர்டர் வரும். அதில் தொகை மொத்தமாக இருக்காது, ஹெட் ஹெட்டாகப் பிரித்திருக்கும். கருவிக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு, ரசாயனம், கண்ணாடி போன்ற நுகர்பொருளுக்கு இவ்வளவு, பயணத்துக்கு, சில்லறைச் செலவுக்கு, கடைசியில் ஓவர்ஹெட் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு.

ஆள் என்றால் நம் வீட்டுப் பிள்ளைதான். 2023 ஜனவரி முதல் ஜூனியர் ரிசர்ச் ஃபெலோவுக்கு மாதம் 37,000, சீனியருக்கு 42,000. இரண்டு வருஷம் ஜூனியர், ஒரு வருஷம் சீனியர் என்று கணக்குப் போட்டால் மூன்று வருஷத்துக்கு 13,92,000 ரூபாய் ஆகிறது. வீட்டு வாடகைப் படி தனி. ஒரு நடுத்தரத் திட்டத்தில் இதுதான் பெரிய செலவு. கருவியைக் கூட ஒரு வருஷம் தள்ளி வாங்கலாம். பிள்ளையின் வயிற்றைத் தள்ளிப்போட முடியாது.

சரி, ஆர்டர் வந்தது, முதல் தவணைப் பணமும் வந்தது. இரண்டாம் தவணை எப்போது வரும்? முதல் வருஷத்துக்கான யூடிலைசேஷன் சர்டிபிகேட், அதாவது யூ.சி., டெல்லிக்குப் போய் அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் இதற்கென்றே 12-ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது. எவ்வளவு வந்தது, எந்த ஹெட்டில் எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு, பணம் பாங்கியில் கிடந்தபோது வட்டி எவ்வளவு சேர்ந்தது, அத்தனையும் அதில் எழுத வேண்டும். அந்த வட்டியையும் அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். பேராசிரியர் கையெழுத்து, நிதி அலுவலர் கையெழுத்து, நிறுவனத் தலைவர் கையெழுத்து. மூன்று மேசை. ஒரு மேசையில் பேப்பர் படுத்துக்கொண்டால் டெல்லியிலிருந்து தவணை வராது, தவணை வராவிட்டால் ஸ்டைபண்ட் வராது. யாரும் திருடவில்லை, யாரும் தப்புப் பண்ணவில்லை, ஆனாலும் பிள்ளைக்குச் சோறு இல்லை. இந்த விசித்திரம் நம் கடைத் தெருவில் நடக்காது.

என் தம்பி மகளுக்கு இதுதான் நடந்தது. வட இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். சேர்ந்து ஒன்றரை வருஷம் ஒழுங்காக ஸ்டைபண்ட் வந்தது. பிறகு நின்றுபோனது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஏழு மாதம். தோழிகளிடம் கடன் வாங்கி வாடகை கட்டியிருக்கிறாள். தம்பிக்குத் திண்டிவனத்தில் தகவல் போனதும் அவன் கோபப்பட்டு, "போதும்மா, வந்துடு, இங்க ஸ்கூல்ல வேலை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டான். அவள் எனக்கு போன் பண்ணி, "பெரியப்பா, உங்களுக்குத்தான் இந்த ஆபீஸ் பாஷை தெரியும், ஒரு தடவை வாங்களேன்" என்றாள். போனேன்.

போய் விசாரித்ததில் தெரிந்தது இது. அவள் கைடு முந்தின வருஷம் மாதிரிகளை உறைய வைக்க ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கியிருக்கிறார். அதைக் கருவி ஹெட்டில் போடாமல் நுகர்பொருள் ஹெட்டில் போட்டுவிட்டார்கள். டெல்லியில் யூ.சி.யைப் பார்த்தவர், ஃப்ரீசர் எப்படி நுகர்பொருள் ஆகும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நியாயமான கேள்விதான். திரும்பி வந்த காகிதம் ஆராய்ச்சி அலுவலகத்தில் ஒரு ஃபைலுக்குள் போனது. அந்த அலுவலர் ஓய்வு பெற்றார். பொறுப்புக்கு வந்தவர் என்னிடம், "இது என் காலத்தில் நடந்ததில்லை" என்றார். நான் அவரிடம், "ஐயா, கடை கைமாறினால் கடனும் கூடத்தான் கைமாறும்" என்றேன். சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒருவர் வந்தார். ரசாயனத் துறைப் பேராசிரியர், டீனாக நியமிக்கப்பட்டவர். அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, ஃப்ரீசர் செலவைக் கருவி ஹெட்டுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு, நடந்த தவறை மறைக்காமல் எழுதி, டெல்லிக்கு ஒரு கடிதம். அதற்குப் பதில் வர மூன்று மாதம் ஆனது. இரண்டாவது காரியத்துக்கு அவர் டெல்லியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் எல்லாத் திட்டங்களிலிருந்தும் வந்து சேர்ந்த ஓவர்ஹெட் பணம் பல்கலைக்கழகக் கணக்கில் இருந்தது. அதிலிருந்து, தவணை வராமல் நின்றுபோன எல்லாத் திட்டங்களின் மாணவர்களுக்கும் முன்பணமாக ஸ்டைபண்ட் கொடுத்து, தவணை வந்ததும் நேர் செய்துகொள்ள உத்தரவு போட்டார். மூன்றே வாரத்தில் என் தம்பி மகள் கணக்கில் ஏழு மாதப் பணம் ஏறியது.

முன்னால் இருந்தவர் கையிலும் அதே அதிகாரம்தான் இருந்தது, அதே பணம்தான் இருந்தது. ஓவர்ஹெட் பணம் எதற்கு என்று அவர் யோசித்ததே இல்லை. அந்தப் பணத்தில் அலுவலகத்துக்கு ஏ.சி. போட்டிருந்தார்கள். ஏ.சி.யும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், கையிருப்பு என்று ஒன்று வைப்பதே சரக்கு வண்டி தாமதமாகும் நாளுக்காகத்தான்.

இந்த நாற்காலியில் உட்காருகிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே, நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் தினமும் ராஷ்பிஹாரி அவென்யூவைக் கடக்கிறோம். புரட்சிக்காரர் ராஷ்பிஹாரி போஸ் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ராஷ்பிஹாரி கோஷ் என்ற வக்கீல். அவரும், தாரக்நாத் பாலித் என்ற இன்னொரு வக்கீலும் சேர்ந்துதான் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள். பாலித் 1912-ல் கொடுத்தது நிலமும் பணமுமாகச் சுமார் 15 லட்சம். கோஷ் 1913-ல் 10 லட்சம். அந்தக் காலத்து லட்சம்! இருவரிடமும் பேசி அந்தப் பணத்தை வாங்கியவர் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி. ஹைகோர்ட் நீதிபதி, கணிதம் படித்தவர், 1906 முதல் 1914 வரையும் மறுபடி 1921 முதல் 1923 வரையும் துணைவேந்தர். அதுவரை பெரும்பாலும் பரீட்சை நடத்துகிற ஸ்தாபனமாகவே இருந்த பல்கலைக்கழகத்தை ஆராய்ச்சி நடக்கும் இடமாக மாற்றியது அவர்தான். ராஜாபஜாரில் அறிவியல் கல்லூரிக்கு 1914 மார்ச் 27-ல் அடிக்கல் நாட்டினார்.

பணத்தோடு நிபந்தனையும் வந்தது. பாலித் நாற்காலிகளில் இந்தியர்தான் அமர வேண்டும். இயற்பியல் நாற்காலிக்கு வருபவர் வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும் என்றும் இருந்தது. அசுதோஷ் தேர்ந்தெடுத்த ஆளோ நம் தமிழர். சர்க்கார் நிதித் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டு, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய சங்கத்தின் கட்டடத்தில் சொந்த ஆர்வத்தில் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்த சி.வி. ராமன். சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று தெரிந்தும் வரச் சம்மதித்தார். ஆனால் பயிற்சிக்காக வெளிநாடு போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இன்றைய ஒரு ஆராய்ச்சி அலுவலகத்தில் இந்த ஃபைல் வந்தால் என்ன ஆகும்? 'நிபந்தனை நிறைவேறவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அசுதோஷ் நிபந்தனையின் காரணத்தைப் பார்த்தார். தகுதியில்லாத ஆள் வந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. ஆள் ஏற்கெனவே தகுதியானவர். ஆகவே அந்த நிபந்தனை அவர் விஷயத்தில் தளர்த்தப்பட்டது. இந்தியர்தான் வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நின்றது, ஏனென்றால் கொடுத்தவரின் நோக்கமே அதில்தான் இருந்தது. ராமன் 1917 ஜூலையில் பொறுப்பேற்றார். 1928 பிப்ரவரி 28, 1930 நோபல் பரிசு, இதெல்லாம் நம் குழந்தைகளுக்கே மனப்பாடம். அதே காலத்தில் சத்யேந்திரநாத் போஸையும் மேகநாத் சாஹாவையும் இளம் வயதிலேயே விரிவுரையாளர்களாக அழைத்துக்கொண்டவரும் அசுதோஷ்தான்.

இதற்கு நேர் எதிராக ஒரு சம்பவம் 1922-ல் நடந்தது. பல்கலைக்கழகம் பணமுடையில் இருந்தது. வங்காள அரசாங்கம் இரண்டரை லட்ச ரூபாய் தருகிறோம் என்றது. கூடவே பல்கலைக்கழகத்தின் செலவையும் நிர்வாகத்தையும் தங்கள் பிடிக்குள் கொண்டுவரும் நிபந்தனைகளை வைத்தது. அசுதோஷ் அதை ஏற்கவில்லை, செனட்டும் ஏற்கவில்லை. மறு வருஷம் கவர்னர் லிட்டன் பிரபு நிபந்தனை போட்டுத் துணைவேந்தர் பதவியை நீட்டிக்கிறேன் என்றபோது அந்தப் பதவியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வக்கீல் கொடுத்த நிபந்தனையில் ஒன்றைத் தளர்த்தினார், ஒன்றைக் காத்தார். சர்க்கார் கொடுத்த நிபந்தனைக்கு மொத்தமாகக் கதவைச் சாத்தினார். மூன்று தடவையும் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். இந்த நிபந்தனை ஆராய்ச்சிக்குக் காவலா, விலங்கா? என் தம்பி மகளின் டீன் இவ்வளவு பெரிய மனிதர் அல்ல. ஆனால் அதே கேள்வியைச் சின்ன அளவில் கேட்டவர் என்பதால்தான் அவரை இங்கே இழுத்தேன்.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விதியைத் தளர்த்துவது என்றால் என்ன என்பதை நானே தப்பாகப் புரிந்துகொண்ட கதை இது.

1997-ஆம் வருஷம், மார்ச் கடைசி வாரம். ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களுக்கு மார்ச் மாதம் தீபாவளி மாதிரி. 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் ஆர்டர் மேல் ஆர்டர் வரும். ஒரு பேராசிரியர் 2,80,000 ரூபாய்க்கு ஒரு வடிகட்டும் கண்ணாடிச் செட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அதில் ஒரு பாகம் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும், வரவில்லை. அவர் கூப்பிட்டு, "பில்லையும் டெலிவரி சலானையும் 29-ஆம் தேதி போட்டுக் கொடுத்துடுங்க, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல நாங்க ஏத்திக்கிறோம், சாமான் வரும்போது வரட்டும்" என்றார். ஊரெல்லாம் நடப்பதுதானே என்று கொடுத்துவிட்டேன். பேராசிரியர் நல்லவர், ஒரு பைசா எடுக்கிறவர் இல்லை. நானும் சாமானைக் கொடுக்கத்தான் போகிறேன். யாருக்கு நஷ்டம்?

அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் துணைப் பதிவாளராக ஒரு வங்காளி அம்மையார் இருந்தார். பில் போன மறுநாளே ஸ்டோருக்கு நேரில் இறங்கி வந்து சாமானைக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டார். காட்ட ஒன்றும் இல்லை. என்னை வரச் சொன்னார். கத்தவில்லை. என் பில்லை மேசைமேல் வைத்து, "தாதா, இதை எடுத்துக்கொண்டு போங்கள். சாமான் வருகிற தேதியில் வேறு பில் போடுங்கள்" என்றார். "மேடம், பணம் திரும்பிப் போயிடுமே" என்றேன். "திரும்பிப் போகாமல் இருக்க வழி இருக்கிறதா என்று யாராவது என்னைக் கேட்டீர்களா?" என்றார்.

வழி இருந்தது. மிச்சப் பணத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு அவரே டெல்லிக்கு எழுதினார். ஜூன் மாதம் சாமான் வந்தது, ஜூலையில் அனுமதி வந்தது, எனக்குப் பணமும் வந்தது. ஆனால் அந்த நாலு மாதமும் என் முதல் முடங்கிக் கிடந்ததில் அந்த அம்மாள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. சட்டம் பேசி வியாபாரத்தைக் கெடுக்கிறாள் என்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினேன்.

அந்த வருஷம் தசலக்ஷண பர்வம் வந்தது. எங்கள் சமயத்தில் அந்தப் பத்து நாளும் உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரத்தை நாளுக்கு ஓர் அத்தியாயமாக வாசிப்பது வழக்கம். ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தாரின் விரதங்களும், ஒவ்வொரு விரதத்துக்கும் நேரக்கூடிய ஐந்து மீறல்களும் வரும். பொய்யாமைக்கு வரும் மீறல்களில் ஒன்று கூடலேககிரியை, அதாவது பொய்ப் பத்திரம் எழுதுவது. இருபது வருஷமாக அந்தச் சொல்லை வாய்விட்டு வாசித்திருக்கிறேன். கள்ளக் கையெழுத்து, போலிப் பத்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வருஷம் வாசித்தபோது, 29-ஆம் தேதி போட்ட என் சலான் கண்முன்னே வந்து நின்றது. வராத சாமான் வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு வேறு என்ன பேர்?

அதே பட்டியலில் இன்னொரு மீறல் நியாஸாபஹாரம். ஒருவர் நம்மிடம் அடைக்கலமாக வைத்த பணம், அவர் எவ்வளவு என்று மறந்து குறைத்துக் கேட்கிறார், நாமும் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். பொய் சொல்லவில்லை, ஆனாலும் மீறல். ஆராய்ச்சிப் பணத்தை எந்த வகைப் பணம் என்று யோசித்தால் அது இந்த அடைக்கலப் பணம்தான். பேராசிரியருடையதும் இல்லை, பல்கலைக்கழகத்துடையதும் இல்லை. கொடுத்தவர் கேட்க மறந்த வட்டியையும் தானாகக் கணக்கில் காட்டித் திருப்பிக் கட்டச் சொல்லும் விதியை முதல் தடவை பார்த்தபோது, இது சிராவகாசாரம் மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

கணக்கு மட்டும்தான் இவர் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு, விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வு, இரண்டுக்கும் தனித்தனி அறநெறிக் குழுக்கள் இருக்கின்றன. அவை கூடி அனுமதி தராமல் வேலை தொடங்கக் கூடாது. குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்று பார்ப்பதும் இதே அலுவலகம்தான். விலங்குக் குழு என்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் விஞ்ஞானிகளும் கால்நடை மருத்துவரும் இருப்பார்கள், கூடவே விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஓர் உறுப்பினரும் இருந்தாக வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, குறைத்தால் ஆகாதா, எலியே இல்லாமல் ஆகாதா என்று கேட்பதுதான் குழுவின் வேலை. நான் எலிக்கூண்டு வியாபாரம் பண்ணுவதில்லை. நல்ல லாபம் வரும் சரக்கு, கேட்டவர்கள் உண்டு, மறுத்துவிட்டேன். ஆனாலும் இந்தக் கேள்விகளை ஒருவர் சட்டப்படி கேட்டே ஆக வேண்டும் என்று இருப்பது எனக்குச் சின்ன ஆறுதல். எங்கோ இரண்டு கூண்டு குறையும்.

பிறகு களவு. பணக் களவைச் சொல்லவில்லை, எழுத்துக் களவு. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட ஒழுங்குமுறைப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஒரு வருஷத்துக்குத் திருத்தியும் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதைப் பிள்ளைகளுக்குச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். ஆய்வேடு முடித்த பிறகு சொல்லுகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதைத் துரத்துவது இன்னொரு வேலை. எங்கள் தொழிலில் நேரடியாகப் பட்டது ஒன்று. ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலையில் எடுக்கப்பட்டது. பழைய வரியில் மதிப்பீடு போட்டுப் பணம் வாங்கியிருந்தவர்களுக்கு ஒரே நாளில் கருவியின் விலை ஏறிவிட்டது, சாங்ஷன் தொகை ஏறவில்லை. அப்புறம் ஆராய்ச்சி மானியத்துக்கே வரி கட்டு என்று பெரிய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் வந்து, 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி அதற்கு விலக்குக் கொடுத்தது. கொள்முதலிலும் அப்படித்தான். அரசின் ஜெம் இணையச் சந்தையில்தான் வாங்க வேண்டும், குறைந்த விலை சொன்ன எல்-1 ஆளுக்கே ஆர்டர் என்பது மேசை நாற்காலிக்குச் சரி. நூறில் ஒரு பங்கு பிசகினாலும் ஆகாத கருவிக்குச் சரிவராது என்று விஞ்ஞானிகள் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். 2025 ஜூனில் நிதி அமைச்சகம் இறங்கி வந்தது. அறிவியல் கருவிகளை ஜெம்முக்கு வெளியே வாங்கத் துணைவேந்தர்களுக்கும் இயக்குநர்களுக்கும் அதிகாரம் கொடுத்தது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக ஏறியது. என் போன்ற சின்ன வியாபாரிக்கு இதில் லாபமா நஷ்டமா என்பதை அடுத்த மலரில் சொல்கிறேன்!

ஆக, இந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? நல்ல விஞ்ஞானியை உட்கார வைத்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். அதற்கும் ராமனே உதாரணம், ஆனால் எதிர் உதாரணம். 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அவர் முதல் இந்திய இயக்குநராகப் போனார். இயற்பியல் துறையைக் கட்டி எழுப்பினார். மற்றத் துறையினர் எல்லாப் பணமும் இயற்பியலுக்கே போகிறது என்று குறைப்பட்டார்கள். 1936-ல் சர் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் விசாரணைக் குழு வந்தது. 1937-ல் ராமன் இயக்குநர் பதவியிலிருந்து விலகிப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். பத்து வருஷம் சர்க்கார் கணக்கு பார்த்தவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. தன் ஆராய்ச்சிக்கும் அடுத்தவன் ஆராய்ச்சிக்கும் நடுவில் நிற்க அவரால் முடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நமக்கு அவர் பெருமைக்குரியவர் என்பதால் இதைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை.

மறுபக்கம், வெறும் ஃபைல் தெரிந்தவரை வைத்தாலும் ஆகவில்லை. ஃப்ரீசர் என்றால் என்ன, அது இல்லாவிட்டால் மூன்று மாத வேலை கெட்டுப்போகும் என்பது தெரியாதவர் கையில் ஹெட் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அமெரிக்காவில் இது தனித் தொழில். இவர்களுக்கென்று 1959-லேயே அங்கே தேசியச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. இங்கே இந்த வேலைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற முயற்சி 2018-ல் இந்தியா அலையன்ஸ் என்ற அமைப்பு மூலமாகத் தொடங்கியது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இன்னும், மூன்று வருஷத்துக்கு ஒரு பேராசிரியர் டீனாக வருகிறார், விதிகளைக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆகிறது, பிறகு போய்விடுகிறார். 1997-ல் என்னைத் திருப்பி அனுப்பிய அந்த அம்மையார் மாதிரி நிரந்தர ஊழியர் ஒருவர் அமைந்த இடங்களில்தான் வண்டி ஓடுகிறது. அவர் ஓய்வு பெற்றபோது பிரிவுபசாரத்துக்கு நானும் போயிருந்தேன். சப்ளையர்களில் போனவன் நான் ஒருவன்தான்.

பெற்றோர்களுக்குக் காரியமாகச் சில வார்த்தை. பிள்ளை ஆராய்ச்சித் திட்டத்தில் சேரும்போது சாங்ஷன் ஆர்டரின் நகல் ஒன்றைக் கைடிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது ரகசியக் காகிதம் ஒன்றுமில்லை. திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, தன் ஸ்டைபண்ட் எத்தனை வருஷத்துக்கு அதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வருஷத் திட்டத்தில் ஒன்றரை வருஷம் கழித்துச் சேர்ந்தால் மிச்சம் ஒன்றரை வருஷம்தான், பி.எச்டி. முடியாது. அதற்குப் பிறகு பணம் எங்கிருந்து என்று சேரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். தவணை தாமதமானால் பல்கலைக்கழகம் தன் கையிருப்பிலிருந்து முன்பணம் கொடுக்கிற வழக்கம் உண்டா என்று மூத்த மாணவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். ஸ்டைபண்ட் நின்ற முதல் மாதமே கைடு மூலமாக ஆராய்ச்சி அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னது ஃபைலில் ஏறாது. என் தம்பி மகள் ஏழு மாதமும் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் போன வருஷம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். இப்போது அதே பரிசோதனைச்சாலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சாங்ஷன் ஆர்டரை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறாளாம்.